மார்ச் மாதத்து மதராஸ் லைன்

பட்டாளத்துப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயினிக்கு வருஷத்தில் பதினோரு மாதம் பிள்ளைகளிடம் பயம். மிச்சமுள்ள மார்ச் மாதத்தில் சட்டசபையிடம் பயம்.

ரயில்வேயிலோ முனிசிபாலிட்டியிலோ "மறு உத்தரவு வரும் வரை" என்ற நிபந்தனையின் பேரில் சோறு சாப்பிடுகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு மார்ச்சிலும் கல்கத்தாவில் பெரிய லாட்டு துரையான வைஸ்ராயின் சபை கூடி, வரும் வருஷம் பட்டாளத்துக்கு என்ன செலவழிக்கலாம் என்று பேசும். அங்கே யாராவது ஒரு கனவான் "சிக்கனம் தேவை" என்று சொல்லி உட்கார்ந்தால், இரண்டு மைல் தள்ளி அலிப்பூரில் நாங்கள் மூட்டை கட்டக் கயிறு தேடுவோம்.

என் அப்பா சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. வீடு பவானிபூரில். நான் இங்கேயே காலேஜில் எஃப்.ஏ. வரை படித்தேன். வகுப்பில் கடைசி பெஞ்சு. கேள்வி கேட்டால் பதில் தெரியும், எழுந்து சொல்லத்தான் வராது. அப்படிப்பட்டவளுக்கு, அலிப்பூருக்கு மாறி வந்திருந்த ஒரு மதராஸ் பட்டாளத்தின் பிள்ளைகளுக்குத் தமிழும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. பேசாதவள் காதால் பிழைக்கிறாள். நான் கேட்டவற்றில் சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

வாடாத பூ

முதல் நாளே ஒரு சிக்கல். பட்ஜெட்டில் அனுமதித்திருந்தது "தையல் ஆசிரியை, பெண், ஒருத்தி." எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க ஆள் கேட்டு வருஷக்கணக்காக எழுதிப் பார்த்திருக்கிறார்கள், கிடைக்கவில்லை. தையலுக்குக் கேட்டதும் கிடைத்துவிட்டது. சாமான் இலாகாவைப் பார்த்துக்கொண்ட காப்டன் (சிப்பாய்க் குடும்பங்கள் குடியிருந்த லைனின் பெண்கள் அவருக்கு வைத்த பெயர் சாமான் துரை) என்னை வேலைக்கு வைத்துக்கொண்டு, எழுத்துப் பாடமே நடத்தச் சொன்னார். எனக்கோ பொத்தான் தைத்தால் விரலோடு சேர்த்துத் தைத்துவிடுகிற கை. "எனக்குத் தைக்கத் தெரியாதே" என்று ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் வங்காளி, எல்லோரும் பொரோபாபு, அதாவது பெரிய பாபு, என்று கூப்பிடுவார்கள். "ஷோனோ மா, கேளம்மா, தைக்கத் தெரியாதது குற்றமில்லை. படிக்கச் சொல்லிக்கொடுக்கிறாய் என்று வெளியே தெரிவதுதான் குற்றம்" என்றார்.

அதனால் ஒவ்வொரு பிள்ளையின் எழுத்துப் பலகைக்குப் பக்கத்திலும் ஊசி குத்திய ஒரு துணி தயாராக இருக்கும். குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டால் பலகை பாய்க்கு அடியில், ஊசி கையில். வருஷத்துக்கு ஒருமுறை கர்னல் துரையின் மனைவி தையல் பார்க்க வருவார். இரண்டாம் வருஷம் அவர் ஒரு பெண்ணின் துணியைக் கையில் எடுத்து, அதில் பாதியில் நின்ற ரோஜாவை வெகு நேரம் பார்த்தார். அவர் துணியைப் பத்திரமாக மடித்துத் திருப்பிக் கொடுத்து, "போன வருஷம் பார்த்த அதே பூ! எவ்வளவு நன்றாக வாடாமல் வைத்திருக்கிறாய்!" என்றார்.

ருஷ்ய ராஜா

மதராஸ் சிப்பாய்க்கு ஒரு வழக்கம் உண்டு. மற்றப் பட்டாளங்கள் துப்பாக்கியோடு ஊர் மாறும். நம்முடையது பெண்டாட்டி, பிள்ளை, கோழிக்கூடை, ஊறுகாய்ச் சாடி சகிதம் மாறும். துரைமார் தடுத்துப் பார்த்துத் தோற்று, கடைசியில் குடும்பங்களுக்கென்று வரிசையாக ஓட்டு வீடுகள் கட்டிக்கொடுத்தார்கள். அதுதான் லைன். எத்தனை வீடு என்பதைப் பட்ஜெட் சொல்லும். சர்வீஸில் மூத்தவனுக்கு முதல் வீடு, இளையவனுக்குக் கடைசி வீடு. அவனுக்கும் இளையவர்கள் ஊருக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நான் சொல்லப்போகும் வருஷம் கடைசி வீட்டில் இருந்தவள் கன்னியம்மாள். ஆற்காட்டுப் பக்கம், என் வயதுதான் இருக்கும். கல்யாணமாகி மூன்று வருஷம் புருஷனின் அண்ணன் வீட்டில் மாடு மேய்த்துக்கொண்டு காத்திருந்து, புருஷன் முனிசாமிக்கு வீடு கிடைக்கும் முறை வந்தவுடன் பொங்கல் கழித்து ரயிலேறியவள். ஒரு வீடு குறைந்தாலும் போவது அவள் வீடுதான் என்பது லைனில் கோழிக்குக்கூடத் தெரியும்.

ஆகவே மார்ச் பிறந்ததும், பள்ளி விட்ட பிறகு பெண்களெல்லாம் வெராந்தாவில் கூடிவிடுவார்கள். அப்பா படித்து முடித்த முந்தின நாள் பத்திரிகையை நான் தமிழில் சொல்ல வேண்டும். சுபேதார் மனைவி தாயாரம்மாள்தான் தலைமை. சபையில்கூட அவ்வளவு கவனமாகக் கேட்டிருப்பார்களா என்பது சந்தேகம். ஒரு நாள், வடமேற்கு எல்லையில் ருஷ்ய ராஜாவின் நோக்கம் என்ன என்பது பற்றி நிதி மந்திரி நீளமாகப் பேசியிருந்தார்.

"ருஷ்யாக்காரன் வந்தா நமக்கு நல்லதா, கெட்டதா டீச்சரம்மா?" என்றாள் கன்னியம்மாள்.

"வந்தால் பட்டாளத்தைப் பெருக்குவார்கள்" என்றேன்.

"அப்ப வரட்டும்."

"வரட்டுமா? வந்தா ஒம் புருசன் காபூலுக்குப் போவான். நீ மறுபடி மாடு மேய்க்கப் போவே" என்றாள் ஹவில்தார் மனைவி ரோசம்மாள்.

"ஐயோ, அப்ப வர வேணாம்."

"வராட்டி, எதுக்கு இத்தினி பட்டாளம்னு வீட்டைக் கொறைப்பாங்களே!"

கன்னியம்மாள் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். தாயாரம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்: "அந்த ராஜா வரவும் வேணாம், வராமப் போவவும் வேணாம். வர்றேன் வர்றேன்னு சொல்லிக்கினே இருந்தாப் போதும்."

கழுதை மருந்து

பட்டாளத்துக் கோவேறு கழுதைகளுக்குக் கம்பளி வேண்டுமென்று யாரோ எப்போதோ கேட்டிருக்கிறார்கள். பட்டாளம் அப்போது மலைப் பக்கம் இருந்தது. கோரிக்கை மேலே போய், பட்ஜெட்டில் ஏறி, கீழே இறங்கி வருவதற்குள் பட்டாளம் கல்கத்தாவுக்கு வந்துவிட்டது. கம்பளிகளும் விடாமல் பின்தொடர்ந்து, அந்த மார்ச்சில் வந்து சேர்ந்தன. மனிதர்களே ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு திரிகிற வெயில். வழங்கிய பொருள் உபயோகத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. கழுதைகளுக்குப் போர்த்திப் பார்த்தார்கள். கழுதைகளுக்கு விதி தெரியாது, உதைத்துத் தள்ளிவிட்டன.

லைன் பெண்கள் பொருளை வீணாக்குகிறவர்கள் அல்ல. மறுநாள் கம்பளிகளெல்லாம் லாயத்துக்குப் பக்கத்தில் வரிசையாக விரிந்திருந்தன. மேலே வெள்ளைத் துணி, துணியின் மேல் கூழ் வடாம். நேரம் பார்த்து மிருக வைத்தியர் துரை வந்துவிட்டார். "இதென்ன?" என்றார். சுபேதார் ஐயா சலாம் அடித்து, கண் இமைக்காமல், "கழுதைக்கு மருந்து, சார்" என்றார். துரை குனிந்து, பாதி காய்ந்த வடாம் ஒன்றை எடுத்து முகர்ந்தார், நுனியைக் கடித்தார், பிறகு முழுவதையும் வாயில் போட்டுக்கொண்டார். இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு சொன்னார்: "சுபேதார், இரண்டு நாளாக எனக்கும் உடம்பு சரியில்லை, ஒரு கழுதையின் பங்கை என் பங்களாவுக்கு அனுப்பிவிடுங்கள்."

இத்தனை உலகம் எதற்கு?

சர்க்கார் பணத்துக்கு ஒரு குணம் உண்டு. வருஷம் முழுவதும் கேட்டால் இல்லை என்பார்கள். மார்ச் வந்தால் செலவழியுங்கள் என்று துரத்துவார்கள். முப்பத்தொன்றாம் தேதிக்குள் செலவாகாத தொகை திரும்பிப் போய்விடும். போனால் அடுத்த வருஷம் "உங்களுக்குத்தான் தேவையில்லையே" என்று குறைத்துவிடுவார்கள். ஆகவே சாமான் துரை மார்ச்சில் மட்டும் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி ஓடிக்கொண்டிருப்பார்.

அப்படி ஓடி வந்தவர் வகுப்பு வாசலில் நின்று, "பள்ளி உபகரணத்துக்குப் பணம் மிச்சமிருக்கிறது. என்ன வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள்" என்றார். எனக்கு வேண்டியது பலகைகள். ஆனால் பலகை எழுதுபொருள் கணக்கைச் சேர்ந்தது, அந்தக் கணக்கு தீர்ந்துவிட்டது, கேட்கக்கூடாது என்று பொரோபாபு முன்பே எச்சரித்திருந்தார். துரை நேருக்கு நேர் பார்த்ததும் எனக்கு எல்லாம் மறந்துபோய், வாயில் வந்த ஒரே சொல், "குளோப்." எத்தனை என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மறுநாள் லால்பஜார் கடையிலிருந்து ஒரு மாட்டுவண்டி நிறைய பூகோள உருண்டைகள் வந்து இறங்கின. பெஞ்சில், ஜன்னலில், தண்ணீர்ப் பானை மேல் எல்லாம் உலகம். பிள்ளைகள் உலகங்களுக்கு நடுவே கிடைத்த சந்தில் உட்கார்ந்து, உடைந்த பலகையில் எழுதினார்கள்.

பெண்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். கன்னியம்மாள் ஓர் உருண்டையைத் தொட்டுப் பார்த்து, கல்கத்தா எங்கே என்று கேட்டாள். காட்டினேன். ஆற்காடு எங்கே என்றாள். ஆற்காட்டுக்கு அதில் இடம் இல்லை. மதராஸுக்குப் பக்கத்தில் உத்தேசமாக விரல் வைத்தேன். அவள் இரண்டுக்கும் நடுவே தன் விரல்களை வைத்து அளந்தாள். மறுபடியும் அளந்தாள். பிறகு என்னை ஏதோ நான்தான் ஏமாற்றிவிட்ட மாதிரிப் பார்த்து, "ரெண்டு வெரக்கடை தூரம் வர்றதுக்கா டீச்சரம்மா நான் மூணு வருசம் காத்துக்கினு கெடந்தேன்?" என்றாள்.

கடைசி வீடு

அந்த வருஷம் ருஷ்ய ராஜா எங்களுக்கு ஒத்துழைக்கவில்லை. சபையில் சிக்கனம் ஜெயித்தது. சாம்ராஜ்யம் முழுவதிலும் எவ்வளவு குறைந்ததோ தெரியாது. எங்கள் லைனில் ஒரு வீடு குறைந்தது. மாதக் கடைசிக்குள் அந்த வீட்டைக் காலி செய்து பூட்டி ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. முனிசாமி சிப்பாய்க் கொட்டகைக்குப் போக வேண்டும்; கன்னியம்மாள் ஆற்காட்டுக்கு, அதே மாடுகளிடம். அடுத்த முறை எப்போது வருமென்று யாராலும் சொல்ல முடியவில்லை.

முனிசாமி ஆறடி உயரம். மெடல் வாங்கியவன். அவன் திண்டாடி நின்றதைப் பார்க்கச் சகிக்கவில்லை. சிப்பாய் போய் உத்தரவை எதிர்த்துப் பேசினால் அது வேறு குற்றமாகிவிடும். கன்னியம்மாள் நேரே என்னிடம் வந்தாள். "நீங்க கூட வந்து இங்கிலீசுல சொல்லுங்க. பேசறது நான் பேசிக்கிறேன்" என்றாள். முடியாது என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அதனால் போனேன்.

சாமான் துரை மேஜைக்குப் பின்னால், பொரோபாபு பக்கத்தில். மேஜைக்குக் கீழே தெரிந்த துரையின் பூட்ஸைப் பார்த்துக்கொண்டுதான் நான் முழுவதையும் மொழிபெயர்த்தேன். வீட்டை விட்டுவைக்கும்படி கன்னியம்மாள் கேட்டாள். துரை நல்லவர், வருத்தப்பட்டார், ஆனால் உத்தரவு உத்தரவுதான் என்றார். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை.

"எங்க அம்மிக்கல்லை ரயில்ல ஏத்த மாட்டாங்களாம். அதை அந்த வீட்டுலயே வச்சிட்டுப் போறேன். யாரு பாத்துப்பாங்கன்னு கேளுங்க."

கேட்டேன். "கவலை வேண்டாம். காலி வீட்டைக் காக்க ஒரு காவல் ஆளுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது" என்றார் துரை.

"அந்த ஆளு எங்க தங்குவாரு?"

"அந்த வீட்டில்தான். வேறெங்கே?"

"பொண்டாட்டி புள்ளையோடவா?"

துரை பொரோபாபுவைப் பார்த்தார். "குடும்பத்துடன் தங்கலாம் என்றுதான் அனுமதி" என்றார் பொரோபாபு.

கன்னியம்மாள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவள் முகத்தில் ஏதோ ஓடியது. என்னவென்று அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகு மிகவும் சாதாரணமாக, "அந்த வேலையை எனக்குக் குடுக்கச் சொல்லுங்க" என்றாள்.

இதையும் பூட்ஸைப் பார்த்தே மொழிபெயர்த்தேன். துரை சிரித்தார். அவர் சிரிப்பு அடங்கும் வரை கன்னியம்மாள் மரியாதையாகக் காத்திருந்தாள். "பெண் எப்படிக் காவல்காரன் ஆக முடியும்?" என்றார். அதற்கு அவள் பதில் சொல்லுமுன் என் வாயிலிருந்து, யாரும் கேட்காமல், ஒரு வாக்கியம் வெளியே வந்துவிட்டது: "ஆண் என்று அனுமதியில் எழுதியிருக்கிறதா, சார்?" சொன்ன பிறகுதான் பேசியது நான் என்று தெரிந்தது. பூட்ஸ் ஆடாமல் நின்றது.

பொரோபாபு அனுமதிக் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். "தையல் ஆசிரியைக்குப் 'பெண்' என்று எழுதியிருந்தார்கள், சார். இதில் 'காவல் ஆள், ஒன்று' என்று மட்டும் இருக்கிறது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மேலும், மாதம் முடிய இன்னும் இரண்டே நாள். அதற்குள் ஆள் போடாவிட்டால் அந்த வேலையே ரத்தாகிவிடும். ஏன் கேட்டீர்கள் என்று மேலிடத்தில் கேள்வி வரும்."

ரத்து என்ற சொல்லைக் கேட்டதும் துரையின் முகத்திலிருந்த மிச்சச் சிரிப்பும் போய்விட்டது. ஜன்னல் வழியே லைனைப் பார்த்தார். பொரோபாபுவைப் பார்த்தார். கடைசியில் என்னிடம் சொன்னார்: "நாய் குரைத்தால் பயப்படுவாளா என்று மட்டும் கேளுங்கள்."

காவல்காரியின் குடும்பம்

முறை என்றால் முறை. காலி செய்யாத வீட்டுக்குக் காவல் போட முடியாது. ஆகவே முப்பத்தொன்றாம் தேதி காலை கன்னியம்மாள் வீட்டைக் காலி செய்தாள். லைன் முழுவதும் கூடி உதவியது. பானை, பாய், கோழிக்கூடை, விளக்குமாறு எல்லாம் எதிரே வேப்பமரத்தடிக்கு வந்தன. அம்மிக்கல்லை முனிசாமியே தூக்கிவந்தான். அதுவும் உள்ளே இருந்தால் வீடு காலியாகாது என்று பொரோபாபு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சாமான் துரை உள்ளே போய், ஒவ்வொரு மூலையையும் பார்த்து, வெளியே வந்து, "காலி" என்று அறிவித்துப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். பிறகு, "காவல் ஆள் எங்கே?" என்றார்.

கன்னியம்மாள் முன்னால் வந்தாள். கண்டாங்கிப் புடவைக்கு மேல் சர்க்கார் பெல்ட், தலையில் காவல்காரத் தலைப்பாகை, கையில் அவளைவிட உயரமான தடி. தலைப்பாகையைக் கட்டிவிட்டது முனிசாமி. பெருமையில் ஒரு சுற்று அதிகமாகவே கட்டிவிட்டான். துரை சாவியை அவள் கையில் கொடுத்தார். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பூட்டைத் திறந்து, முதல் காரியமாகக் கோழிக்கூடையை உள்ளே வைத்தாள். வெயில் உச்சிக்கு வருவதற்குள் அம்மியும் பழைய இடத்துக்குப் போய்விட்டது. "வாடி, காவக்காரி! என் வீட்டையும் கொஞ்சம் பாத்துக்கோ, நான் கடைக்குப் போய்ட்டு வர்றேன்" என்று ரோசம்மாள் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டாள்.

சில வாரம் கழித்து கர்னல் துரை லைனைப் பார்வையிட வந்தார். சிக்கனம் சரியாக நடக்கிறதா என்று அவருக்கு மேலிடத்துக்கு எழுத வேண்டியிருந்தது. நான் பள்ளி வாசலில் ஒதுங்கி நின்றேன். கடைசி வீட்டுக் கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. மீன் குழம்பு வாசனை. வாசலில் கன்னியம்மாள் தடியோடு சலாம் வைத்தாள். அவளுக்குப் பின்னால், கர்னலைக் கண்டதும் சோற்றுக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, முனிசாமி விறைப்பாக நின்றான்.

"இந்த வீடு காலி என்று சொன்னார்களே" என்றார் கர்னல்.

"காலிதான், சார்" என்றார் சாமான் துரை. அவர் கழுத்து சிவந்துவிட்டது.

"அப்படியானால் இந்தச் சிப்பாய் யார்?"

சாமான் துரை சுபேதாரைப் பார்த்தார். சுபேதார் ஐயா குதிகால் இரண்டையும் ஒன்றாக அடித்து நிமிர்ந்தார். கழுதை மருந்து சொன்ன அதே முகம். "காவல்காரியின் குடும்பம், சார். தலை ஒன்று, துப்பாக்கி ஒன்று, நடத்தை திருப்தி."

பட்டாளத்துச் செலவைக் குறைப்பது எப்படி என்று யாராவது உங்களிடம் கேட்டால், வீட்டைக் காலி செய்யச் சொல்லுங்கள், ஆனால் அன்று சாயங்காலம் அந்த வீட்டில் விளக்கு ஏற்றுகிறவர் யார் என்று மட்டும் போய்ப் பார்க்காதீர்கள்.